ஒரு தடவை சொல்கிற சாந்தாமணி

சாந்தாமணி எதையும் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்வரை குந்துவார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். "கண்ணு, தட்டை எடுத்துட்டு வாங்க." அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் உதட்டை மூடிக்கொண்டு காத்திருப்பார். பிள்ளை கூரையைப் பார்க்கும், மூக்கை நோண்டும், பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனை இழுக்கும். சாந்தாமணி அசைய மாட்டார். கடைசியில் தட்டு வந்து சேரும்.

"இன்னொரு தடவ சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ரெண்டாந்தடவ சொன்னா, மொதத்தடவ சொன்னதுக்கு மருவாதி போயிருமுங்க கம்பவுண்டரே" என்றார்.

சேரம்பாடிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பராவுக்கு அவர்தான் ஆயா. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒற்றை அறைக்கு, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த பெயர் அது. சாந்தாமணிக்கு அன்னூர்ப் பக்கம். கல்யாணமாகி மலையேறியபோது ஊரின் 'வாங்க, போங்க'வையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதே மரியாதைதான். "எங்க மாமியாருக்கே நாங்க இம்புட்டு 'ங்க' போட்டதில்ல" என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பிள்ளையை இறக்கிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

எஸ்டேட்டில் எல்லாப் பேச்சும் கூப்பாடுதான். கங்காணி ரோட்டில் நின்று சரிவைப் பார்த்துக் கத்துவார். சரிவில் இருப்பவள் அடுத்த நிரையில் பறிப்பவளுக்குக் கத்துவாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்குவதில்லை. "மூஞ்சியக் கழுவு, சட்டயப் போடு, செருப்பு எங்க, நேரமாச்சு வா வா" என்று விடிந்ததும் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். பிறந்ததிலிருந்து கூப்பாட்டிலேயே வளரும் பிள்ளைக்கு, இதில் தனக்குச் சொன்னது எது, மலைக்குச் சொன்னது எது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் சாந்தாமணி குரலை இறக்கிவிடுவார். அவர் பேசினால் அடுத்த ஆளுக்குக் கேட்காது. யாருக்குச் சொல்கிறாரோ அந்தப் பிள்ளை மட்டும் திரும்பிப் பார்க்கும்.

'ஓடாதே, தொடாதே, ஏறாதே' எல்லாம் அவர் வாயில் வராது. "செய்யாதேன்னு சொல்லிப்போட்டு நாம போயிருவம். அப்பறம் என்னத்தைச் செய்யறதுன்னு அந்தப் புள்ளைக்கு யாருங்க சொல்றது?" என்பார். நடக்க வேண்டுமென்றால் 'நடங்க', வைக்க வேண்டுமென்றால் 'வைங்க'. இத்தனை கச்சிதமாகக் கட்டளை போடும் இந்த அம்மாள், அடுத்தவர் கட்டளைக்கு மட்டும் படியவே மாட்டார். எஸ்டேட்டில் கொடுத்த நீலக் கோட்டைப் போடச் சொல்லி பீல்டு ஆபீசர் அலுத்துவிட்டார். அது காம்பராவில் தொட்டில் பிள்ளைக்குப் போர்வையாக இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி நானும் அலுத்துவிட்டேன்.

போன மழைக்கு முன்னால் இசக்கியம்மா தன் மகள் உஷாவைக் கொண்டுவந்து விட்டபோது அழுதுகொண்டேதான் வந்தாள். உஷாவுக்கு அப்போது மூன்று முடிந்திருந்தது. என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிற பிள்ளை. அதுகூடப் பரவாயில்லை. முந்தின நாள் சாயங்காலம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் யானை வந்து நின்றிருக்கிறது. "யானை, யானை, உள்ள வா" என்று எல்லாரும் அலற, உஷா கைதட்டிக்கொண்டு அதைப் பார்க்க ஓடியிருக்கிறாள். பக்கத்து வீட்டு பவுல்ராஜ் பாவாடையைப் பிடித்து இழுக்காவிட்டால் பிள்ளை இல்லை.

சாந்தாமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஊட்டுல புள்ளைக்கு எதைச் சொல்லிச் சோறு ஊட்டுவீங்க?"

இசக்கியம்மா விழித்தாள். "யானை வருது, சீக்கிரம் தின்னுன்னு சொல்லுவேன். தூங்குறதுக்கும் அதத்தான் சொல்லுறது. எல்லாரும் சொல்லுறதுதானே ஆயாம்மா?"

எல்லாரும் சொல்வதுதான். எங்கள் பக்கத்தில் பூச்சாண்டிக்கு வேலையில்லை, அவனுடைய வேலையை யானைதான் பார்க்கிறது. மற்ற ஊரில் அம்மாக்கள் பொய்யாகப் பயம் காட்டினால் பொய்யோடு போய்விடும். இங்கே அது நிஜமாகவே வாசலில் வந்து நிற்கும். தினம் மூன்று வேளையும் பெயரை மட்டும் கேட்டுக் கேட்டு, அந்த யானையைக் கண்ணால் பார்க்க உஷாவுக்கு ஆசை வந்துவிட்டது. பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன பயன்!

"இனிமே யானை வந்தா மட்டும் அதும் பேரைச் சொல்லுங்க."

"அப்ப எதச் சொல்லிச் சோறு ஊட்டுறது?"

"சோறுன்னு சொல்லி ஊட்டுங்க" என்றார் சாந்தாமணி.

அதன் பிறகு உஷாவுக்கு அவர் பழக்கியது ஒரே ஒரு வார்த்தைதான். பிள்ளை விளையாட்டின் நடுவில் இருக்கும்போது குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டி, "உஷா, கை குடுங்க" என்பார். உஷா சிரித்துக்கொண்டு ஓடுவாள். இவர் துரத்த மாட்டார், நீட்டிய கையை மடக்கவும் மாட்டார். துரத்த ஆளில்லாத ஓட்டத்தில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது? ஒரு நாள் அவளே திரும்பி வந்து கையை வைத்தாள். சாந்தாமணி லேசாக ஒரு அழுத்து அழுத்தி, "போயி வெளையாடுங்க சாமி" என்று உடனே விட்டுவிட்டார். உஷாவுக்கே ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். நின்று இன்னொரு தடவை கையை நீட்டினாள்.

"கூப்பிட்டு ஒண்ணுமே செய்யாம அனுப்பிட்டீங்களே?" என்றேன்.

"கூப்புடறதெல்லாம் மூக்கைச் சிந்தறதுக்கும் மருந்து ஊத்தறதுக்குமா இருந்தா எந்தப் புள்ளை வருமுங்க? நீங்க கூப்புட்டா வருதுங்களா?"

வராதுதான். என் தலையைக் கண்டாலே காம்பரா முழுவதும் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும்.

பலா பழுத்த நாளில் அப்படித்தான் வயிற்றுப் பூச்சி மருந்துப் பாட்டிலோடு போயிருந்தேன். பாதிப் பிள்ளைகள் மருந்தைத் துப்பி முடித்திருந்தார்கள். உஷா முற்றத்தின் ஓரத்தில் வேலித் தட்டியருகே தனியாக உட்கார்ந்து டம்ளரில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். கிளை முறியும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். தட்டிக்கு அந்தப்புறம், பலா மரத்தடியில் ஒற்றைக் கொம்பன் யானை நின்றது. என் கையிலிருந்த பாட்டிலை எறிந்தால் அதன் மேல் விழும், அவ்வளவு பக்கம். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சாந்தாமணியின் உள்ளங்கை வந்து என் வாயைப் பொத்தியது.

அவர் வாசற்படியில் குந்தினார். கையை நீட்டினார்.

"உஷா, கை குடுங்க."

தினம் சொல்கிற அதே குரல். உஷா திரும்பினாள். கையைப் பார்த்தாள். அப்புறம் யானையைப் பார்த்தாள், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் ஆசைப்பட்டது எதிரே நிற்கிறது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று எனக்குள் கதறிக்கொண்டிருந்தேன். சாந்தாமணி சொல்லவில்லை. கை மட்டும் அப்படியே இருந்தது. உஷா டம்ளரைக் கீழே வைத்தாள், யானையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்துவந்து, மண் ஒட்டிய தன் கையை அதில் வைத்தாள்.

கதவைச் சாத்தினோம். "எல்லாரும் செவுத்தோரமா உக்காருங்க" என்றார். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். வெளியே பழம் பிளக்கிற சத்தமும் மூச்சுச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. யாரோ பார்த்துச் சொல்லி, வனக் காவலர்கள் வந்து பட்டாசு போட்டு விரட்டிய பிறகுதான் கதவைத் திறந்தோம்.

சேதி அதற்குள் மலைக்குப் போய்விட்டது. இசக்கியம்மா கூடையைச் சரிவிலேயே போட்டுவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றாள். சாந்தாமணி அவளைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணும் ஆகலீங்க. சொன்ன பேச்சு கேட்டு வந்துட்டாங்க உங்க புள்ளை. இந்தாங்க, கூட்டிட்டுப் போங்க."

சொன்னாரே தவிர, உஷாவின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இசக்கியம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவர் எதிரே மண்டியிட்டு, கொழுந்துக் கறை படிந்த தன் விரல்களால், பிள்ளையின் கையை இறுக்கிக்கொண்டிருந்த சாந்தாமணியின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்தாள்.