கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் வட்டம்

மலேசியாவில், எங்கள் கிளாங் வீட்டுக் கண்ணாடி ஓரத்தில், பழைய ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் காகித வட்டம் இருக்கிறது. பொட்டு என்று நினைத்துப் பிய்க்க வருகிறவர்களை நான் விடுவதில்லை. எங்களோடேயே இருக்கும் என் நாத்தனாரின் தோளில் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தது அது.

தொண்ணூறுகளில் அவளும் நானும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடுக்கினோம். தலைக்கு மேலே இருந்த தட்டில் நாள் முழுக்கத் தூக்கி வைக்க வேண்டும். நான் நெட்டை, எட்டிவிடும். அவள் குள்ளம். வலது கை தூக்க முடியாமல் போய்விட்டது. மகளுக்குச் சடை பின்ன முடியாமல் பிள்ளை பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போனது. சூப்பர்வைசரோ அவள் நடிக்கிறாள், முடியாவிட்டால் வேலையை விட்டு நிற்கட்டும் என்றார்.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து, வேலையால் உடம்பு கெடுகிறதா என்று சோதிக்க ஒரு மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், நல்ல நிறம், கைக்கடிகாரம்கூட ஆம்பிளைக் கடிகாரம். வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போட்டால், உடம்பு எவ்வளவு வளைகிறது, எந்த மூட்டு கெடும் என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். வீடியோ என்றதும் எங்களுக்குக் கல்யாண வீடுதான் ஞாபகம் வந்தது. எல்லோரும் பவுடர் பூசி, பூ வைத்துப் போனோம். மிஸ் தோளிலும் முழங்கையிலும் மஞ்சள் வட்டம் ஒட்டினார். கேமரா ஓடியதும் ஒருத்தியும் வளையவில்லை. நாத்தனார் சிரித்த முகமாக, சாமிக்குப் படைப்பதுபோல, டின்களை முன்னால் மேசையிலேயே வைத்தாள்.

“கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, ஒண்ணும் இல்லலா,” என்றார் சூப்பர்வைசர்.

அந்த வாரம் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. சட்டியை எடுப்பாள், வைப்பாள், வாசலுக்குப் போவாள், திரும்புவாள். பொட்டு வைக்கக் கை எழவில்லை என்று, உட்கார்ந்து பார்க்கிற மாதிரி கண்ணாடியைத் தாழ்த்தி மாட்டச் சொன்னாள். அவள் வேலை போய்விடும் என்று எனக்கும் பயம்.

பிறகு மிஸ் திரும்பி வந்தார். படம் எடுத்த அன்று, போதும் என்று சொன்னவர் கேமராவை அணைக்க மறந்திருக்கிறார். நாங்கள் விட்ட வேலையைப் பிடிக்க அவசரமாக டின் தூக்கியதெல்லாம் விழுந்திருக்கிறது. நாத்தனார் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்குகிறாள். கம்ப்யூட்டர் அவள் தோளில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

“இத ஏன்க்கா அப்பவே காட்டல?”

“படத்துல அழுமூஞ்சியா விழக்கூடாதுன்னுதான் மிஸ்.”

மிஸ் சிரிக்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அந்தப் படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். தட்டு இடுப்பளவுக்கு இறங்கியது. அவள் வேலையும் தப்பியது. கை மட்டும் முழுசாக மேலே போகவே இல்லை.

அதனால் கண்ணாடி இன்றைக்கும் தாழத்தான் தொங்குகிறது. நெட்டைக்காரி நான்தான் குனிந்து பொட்டு வைக்கிறேன். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. அவள் பேத்தியைத் தரையில் உட்காரவைத்துச் சடை பின்னியபடியே கேட்கிறாள்:

“அந்த வட்டத்தப் பிச்சு உங்க இடுப்புல ஒட்டவா, அண்ணி?”