பச்சையம்மாள் போட்ட ஓட்டு

செந்துறைப் பக்கத்துக் கிராமங்களில் பிரசிடெண்ட் என்றால் டெல்லியில் இருப்பவர் அல்ல. பஞ்சாயத்துத் தலைவர், தெருவிளக்குக்கு பல்பு மாற்றித் தரும் அதிகாரம் படைத்தவர். வெகுகாலம் நடக்காமல் கிடந்த அந்தத் தேர்தல் எண்பத்தாறில் வந்தபோது அரியமுத்து நின்றார்.

முந்திரிக்கொல்லைக்காரர். கடவுள் இல்லை என்பதை மேடை போட்டு மைக் வைத்து ஊருக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்துபவர். தம் கொள்கையில் அவருக்கு உறுதி அதிகம். ஊராரின் பக்தியில் அவருக்கு நம்பிக்கை அதைவிட அதிகம். ஆகவே ஓட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு ஓர் ஆள் வீரனார் கோயிலுக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அவருடைய ஏணிச் சின்னத்துக்கே போடுவேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் வாங்கியது அவருடைய மச்சான் அங்கமுத்து. அரியமுத்து செருப்பைக் கழற்றாமல் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். கொள்கை கொள்கைதான்.

பச்சையம்மாள் அவர் கொல்லையில் முந்திரி பொறுக்குகிறவள். அவள் புருஷன் சாமிதுரை, அவருடைய கிணற்றில் வெடி வைக்க இறங்கி மேலே வராதவன். "குடிச்சிட்டு எறங்குனான்" என்று அரியமுத்து அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாமிதுரை குடித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. தீர்ப்பை மறுத்தும் யாரும் பேசியதில்லை.

"என்ன பச்சயம்மா, யாரு மேல சத்தியம்?" என்றான் அங்கமுத்து.

"எம் மேலதான்."

"உன்ன வச்சு நாங்க என்ன பண்றது? மக செங்கமலம் மாசமா இருக்குல்ல, அது வயித்துப் புள்ள மேல சொல்லு."

சொன்னாள். கற்பூரம் அணைந்தது.

ஆனால் அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. அரியமுத்துவுக்கு எதிராகத் தன் கையால் ஒரு குத்துக் குத்த வேண்டும். எதிரே பூட்டுச் சின்னத்தில் நின்ற வேம்புவைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் அரியமுத்து அல்ல, அவளுக்கு அது போதும். பூசாரி கருப்பண்ணனிடம் போனாள்.

"செஞ்ச சத்தியத்த வாபஸ் வாங்க முடியுமாண்ணே?"

"அது என்ன வேட்புமனுவா, வாபஸ் வாங்க? வீரனார்கிட்ட பூக் கேட்டுப் பாப்போம்."

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை.

"சாமி வுட்டுக்குடுத்துடுச்சு. ஆனா அபராதம் ஒரு சேவ."

வீட்டில் இருந்த ஒரே சேவலைக் கொடுத்தாள். பூசாரி கறியைத் தின்றார். உடன் தின்றவர்களிடம் விஷயத்தையும் சொன்னார்.

ஓட்டன்று குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வெளியூர் வாத்தியார் ஒருவர் அதிகாரியாக இருந்தார். "உங்க ஓட்டு விழுந்துடுச்சேம்மா" என்றார்.

"நான் இப்பத்தான சார் வரேன்?" விரல்களை விரித்துக் காட்டினாள். மை இல்லை.

"வெள்ளன வந்து போட்டுட்டுப் போச்சு சார். மறதி" என்றான் ஏணியின் ஏஜெண்ட். பூட்டின் ஏஜெண்ட் டீ குடிக்கப் போயிருந்தான், ஏணியின் செலவில். சத்தியம் கேட்டு வாங்கியவர் சத்தியத்தை நம்பவில்லை என்பது பச்சையம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

வாத்தியார் நியாயஸ்தர். சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லி, அவள் விரலில் மை வைத்து வேறொரு சீட்டைக் கொடுத்தார். "குத்திக் குடுங்க. ஆனா பெட்டியில போட மாட்டோம். தனிக் கவர்ல வச்சு ஒட்டிடுவோம்."

"அத எப்ப சார் எண்ணுவீங்க?"

"எண்ண மாட்டோம்மா."

"எண்ணாத ஓட்ட எதுக்குப் போடணும்?"

"அது உங்க உரிமை."

"வூட்டுக்குப் போ பச்சயம்மா, மை தண்டம்" என்றான் ஏஜெண்ட். சேவலைக் கொடுத்தவள் சும்மா போவாளா? பூட்டில் ஓங்கிக் குத்தினாள். கவரை ஒட்டினார்கள்.

ஏணி ஜெயித்தது. அடுத்த வாரம் செங்கமலத்துக்கு வலி கண்டு அரியலூருக்குக் கொண்டு போகையில் பஸ்ஸிலேயே பிள்ளை பிறந்தது. அது அழவேயில்லை.

கற்பூரத்தை ஏமாற்றியவள் என்று ஊர் சொன்னது. என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று அவள் சொன்னால், "போடலன்னா மை ஏது?" என்றார்கள். சாமி உத்தரவு கொடுத்ததே என்றால், பூசாரி தலையைச் சொறிந்தார். புதுப் பிரசிடெண்ட் கோயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டுத் தருவதாகச் சொன்ன பிறகு, அன்று எடுத்தது சிவப்பாகவும் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் போகட்டும். மகளும் அவளோடு பேச்சை விட்டுவிட்டாள்.

கொட்டகைக்குக் கால் நட்ட அன்று ஊர் கூடியிருந்தது. செங்கமலமும் புருஷனோடு வந்திருந்தாள். பச்சையம்மாள் நேரே அரியமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. எம் பேருல வுழுந்த ஓட்டு ஏணிக்குத்தான வுழுந்துச்சு? சத்தியம் தப்பலன்னு ஆகும், எம் மக காதுல வுழுற மாதிரி ஆமான்னு சொல்லிடுங்க. நீங்க ஜெயிச்சது ஜெயிச்சதுதான், அத நான் கேக்கல. கெணத்தப் பத்தியும் கேக்கல."

ஆமாம் என்றால் கள்ள ஓட்டு. இல்லை என்றால் பொய். அரியமுத்து படித்தவர், மூன்றாவது வழி ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இந்தா பாரு பச்சயம்மா, ஓட்டுங்கறது ரகசியம். யாரு யாருக்குப் போட்டாங்கன்னு கேக்கறதே சட்டப்படி தப்பு. எனக்கு எப்படித் தெரியும்?" கோயில் பக்கம் கையைக் காட்டினார். "அவருக்குத்தான் தெரியும்."

நாத்திகர் வாயிலிருந்தே வந்துவிட்டதே என்று ஊர் மெய்சிலிர்த்தது. இந்த முறை செருப்பைக்கூடக் கழற்றியிருந்தார்.

செங்கமலம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நகக்கண்ணில் இன்னும் போகாமல் இருந்த மையைப் பார்த்தாள். பிறகு புருஷனோடு பஸ் ஏறப் போய்விட்டாள்.