புகை எழுந்த வீடு

ஃபலேசி நக்கும்வாவைப் புகழ்ந்து நாலு வரி எழுதிவிட்டு எழுந்து போகலாம். துண்டறிக்கை எழுதிப் பழகிய கைக்கு அது சுலபம். ஆனால் அவளை நான் நடத்திய விதத்தை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது.

தியோலோவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் லாரி விபத்தில் போய்விட்டான். மூன்று பிள்ளைகள். சின்னப் பிள்ளை தகப்பனிடம் பேசுவதுபோல் அவள் கடவுளிடம் பேசுவாள். கூடை கனத்தால், "அப்பா, இடுப்பு வலிக்குது" என்பாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். ஒருமுறை கங்காணி எடையில் குறைத்தபோது சங்கத்திடம் வராமல் கடவுளிடம் சொன்னாள். சங்கத் தலைவனாக இருந்த நான் சண்டை போட்டு எடையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். "அப்பாகிட்ட சொன்னேன், உங்கள அனுப்பிட்டாரு" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தொண்ணூற்று மூன்றில் வேலைநிறுத்தம். புதுச் சோளம் இன்னும் முற்றாத மாதம், எல்லா வீட்டிலும் பட்டினி. வெளிக் கிராமங்களிலிருந்து சங்கத்துக்குக் கொஞ்சம் சோளமாவு வரும், இருநூறு வீட்டுக்குப் பத்தாது. அதனால் நான் ஒரு விதி போட்டேன். நடுப்பகலில் தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி வருவோம், எந்த வீட்டுச் சமையல் குடிசையில் புகை இல்லையோ அந்த வீட்டுக்கு மாவு. புகை வந்தால் உள்ளே சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். விறகே கிடைக்காத நாளில் சும்மா யார் அடுப்பு மூட்டுவார்கள்? இந்த யோசனையில் எனக்குப் பெருமை வேறு.

ஃபலேசி வீட்டில் தினமும் புகை. ஐந்து நாளாக அவளைத் தாண்டிப் போனோம்.

மாவு பங்கிடும் குழுவில் இருந்த கட்சாலா சொன்னான்: "ஊரே காயுது. அந்தம்மா அடுப்பு மட்டும் எரியுதே, மேனேஜர் பங்களாவுல இருந்து வருதோ?"

நான் நம்பினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறாம் நாள் கட்சாலாவைக் கூட்டிக்கொண்டு, கையில் கம்போடு போனேன், கருங்காலியைக் கையும் களவுமாகப் பிடிக்க.

அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் மூன்றும் உட்கார்ந்திருந்தன. கழுவிய கை ஈரம் காயவில்லை. பானை கொதித்துக்கொண்டிருந்தது. கம்பால் மூடியைத் தள்ளினேன். உள்ளே வெறும் தண்ணீர்.

எங்கள் களிக்கு முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும், மாவு பிறகுதான். தன் பங்குக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அவள் ஜெபம் பண்ணிக் காத்திருந்தாள். முந்தின ஐந்து நாளும் இதேதான். கடைசியில் அந்த வெந்நீரில் உப்பும் பூசணி இலையும் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

சின்னவள் தியாமிகே என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "அம்மா, வந்துட்டாங்க." என் கையைப் பார்த்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மாவு எங்க மாமா?"

"மொதல்ல வீட்டப் பாத்துட்டுப் போறாங்கடி. கொண்டு வருவாங்க, உக்காரு" என்றாள் ஃபலேசி.

கட்சாலா தரையைப் பார்த்தான். நான் வெளியே வந்தேன். சங்கக் கொட்டகையில் அன்று ஒரு பிடி மாவு இல்லை. என் வீட்டில் அரை மூட்டை இருந்தது. தலைவர் வீட்டுக்கு மட்டும் புகை விதி கிடையாது. மூட்டையைத் தூக்கினபோது என் மனைவி கேட்டாள்: "அஞ்சு நாளா பொகைய எண்ணுனீங்களே, ஒரு நாளாச்சும் உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஃபலேசி வீட்டுக்கு நடந்தேன்.

ஃபலேசி களி கிண்டி, என் கையில் தண்ணீர் ஊற்றி, அவர்களோடு உட்காரவைத்தாள். "நான் மாவு குடுக்க வரல. உன்னப் பிடிக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"தெரியும் அண்ணே. கம்ப எடுத்துட்டு யாராவது மாவு குடுக்க வருவாங்களா?" என்று சிரித்தாள். "நான் அப்பாகிட்ட மாவு கேட்டேன். யார அனுப்புறது, எப்படி அனுப்புறதுன்றது அவர் பாடு."

குழுவிடம் வந்து கேட்டிருக்கலாமே என்றேன். மூன்றாம் நாளே கேட்டாளாம். புகை வந்தால் மாவு கிடையாது என்று கட்சாலா சொல்லிவிட்டானாம்.

"அப்ப அடுப்ப அணைச்சிருக்கலாமே?"

பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள். "அணைக்கப் போனேன் அண்ணே, ரெண்டு தடவ. அணைச்சா, அப்பா குடுக்க மாட்டாருன்னு நானே இதுங்ககிட்ட சொன்ன மாதிரி ஆயிடும்ல. அதான்."

அடுத்த நாள் கூட்டத்தில் என் தப்பை எல்லாருக்கும் முன்னால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. விதியை மட்டும் மாற்றினேன். இனி வீட்டுக்குள் போய்ப் பார்த்து மாவு கொடுப்போம், அதுதான் குழுவுக்கு வசதி என்றேன். ஃபலேசி எழுந்து, பட்டினி கிடந்த தன் பிள்ளைகளுக்குத் தலைவரே தன் வீட்டு மாவைச் சுமந்து வந்தார் என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கை தட்டியது. நான் நின்று வாங்கிக்கொண்டேன்.