பக்கத்தில் இருந்த என்னைச் சாகடித்தார்

நான் பழவேற்காட்டில் மீன் பிடிக்கிறவன். எங்கள் ஏரியில் யார், எங்கே வலை போடுவது என்பதை ஊர்க்கூட்டம்தான் முறை வைத்துச் சொல்லும். அதைப் பாடு என்போம். சட்டக் கல்லூரி சீட்டையும் அப்படி யாரோ ஒருவர் பார்த்துத்தான் கொடுப்பார் என்று நம்பியது என் மடத்தனம்.

மகள் தேவி பிளஸ் டூ முடித்ததும், மீஞ்சூரில் விண்ணப்பம் எழுதித் தரும் ஒருவரிடம் அழைத்துப் போனேன். ஏன் வக்கீலாக வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டுமாம். மரியாதைக்கு ஒரு கூடை நண்டும் கொண்டுபோனேன். கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"வக்கீல் படிப்பு இன்னாத்துக்கும்மா?"

"பாடு சண்டை கோர்ட்டுக்குப் போனா எங்களுக்காகப் பேச ஆள் இல்ல சார்" என்றாள் தேவி.

"இதெல்லாம் எடுபடாது. அப்பா ஏரியில மூழ்கி செத்துட்டார்னு எழுது. படிக்கிறவன் அழணும்."

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்! தண்ணீருக்குப் போகிறவன் வீட்டில் விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள்.

"எங்க ஊர்ல இருக்கிற பழைய டச்சுக்காரன் கல்லறை பக்கத்துல எனக்கும் இடம் பாத்துட்டியா சார்?" என்றேன்.

"சும்மா எழுதறதுதானே? எல்லாரும் எழுதறாங்க" என்று சிரித்தார். தூ!

"எங்க நைனாவ சாவடிச்சுட்டு எனக்கு எந்தப் படிப்பும் வேணாம்" என்ற தேவி, உள்ளே போய் நண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பிறகு கல்லூரிக்கே நேரில் போய் விசாரித்தோம். விண்ணப்பத்தை அவளே எழுதினாள். படிக்கத் தெரியாத நான் இப்போதெல்லாம் எதையும் முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் எழுதியதில் முதல் வரி: "என் அப்பா மீன் பிடிக்கிறார்."