ராயபுரத்தில் ஊமை மரமும் அழுமூஞ்சி மரமும்

காலை ஆறே கால் மணிக்கு எழும்பூரில் இறங்கினோம், நானும் என் மகள் கோமதியும். திருநெல்வேலியில் முந்தின நாள் ஏறிய வண்டி. கோமதிக்கு இருபத்தோரு வயது. தாவர இயலில் பி.எஸ்ஸி. தேறியவள். ராயபுரத்தில் மரக் கிடங்கு வைத்திருக்கும் காதர் பாய்க்கு மரத்தை இனம் பிரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று அவளுடைய கல்லூரி ஆசிரியை எழுதியிருந்தார். 'ஒரு நாள் வந்து செய்து காட்டட்டும். சரியாக இருந்தால் வேலை' என்பது காதர் பாயின் பதில்.

இரண்டு வருஷத்துக்கு முன் கோமதியின் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் ஊசி போட்டு நீரை எடுத்தார். நான்கு மாதம் படுக்கை. பிழைத்து எழுந்துவிட்டாள், எனக்குத்தான் இன்னும் தேறவில்லை. அவள் இருமினால் என் கையில் இருப்பது கீழே விழும். வேலை கிடைக்காமல் இருவருமாக ஊர் திரும்பினால் நல்லது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

எழும்பூரிலிருந்து ராயபுரம் மூன்று மைலுக்கு மேல். ஜட்காக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டு ஒரு ரூபாய்க்கு இசைந்தார்.

"வூடு கட்டப் போறியா சார், மரக் கிடங்குக்குப் போறே?"

"இல்லை. இவளுக்கு அங்கே வேலை."

அவர் திரும்பிப் பார்த்தார். "மரம் தூக்கவா? கடாமாடு மாதிரி கீறவனே அங்க முதுகு போச்சுன்னு கத்திக்கினு கீறான்."

"தூக்க இல்லை. மரத்துக்குப் பெயர் சொல்ல" என்றாள் கோமதி.

"அதான் மரம்னு பேரு கீதே! அதுக்கு மேல இன்னா பேரு?"

கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரம் தூக்கிகள், மறு பக்கம் கிடங்குகள். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகப் பத்து நிமிஷம் நின்றோம். கரித்தூள் பறந்தது. கோமதி இரண்டு முறை இருமினாள்.

எட்டு மணிக்குக் கிடங்கை அடைந்தோம். கப்பலில் சரக்கு அசையாமல் இருக்க அடியிலும் இடுக்கிலும் பலகைகள் கொடுப்பார்கள். சரக்கு இறங்கிய பின் அந்தப் பலகைகள் ஏலத்துக்கு வரும். அவற்றை வாங்கிப் பெட்டி அடிப்பதே காதர் பாயின் தொழில். எந்த நாட்டு மரம் எதனோடு கலந்து வருகிறது என்று அவருக்கே தெரியாது. இவருடைய பெட்டிகளில் அடைத்த பிஸ்கட்டில் டர்பன்டைன் நாற்றம் அடிக்கிறது என்று பிஸ்கட் கம்பெனி போன மாதம் சரக்கைத் திருப்பிவிட்டதாம். மூன்று மணிக்குக் கம்பெனி ஆள் வருகிறார். இன்றும் நாறினால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும்.

"வாம்மா, உக்காரு. சார், டீ குடிங்க" என்றார் பாய். பிறகு அந்தோணி மேஸ்திரியைக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும், காதில் பென்சில், கழுத்தில் ஜெபமாலை.

"இதுல இன்னா பிரிக்கிறது பாய்? எல்லாம் தேவதாரு" என்றார் மேஸ்திரி, ஒரு வெள்ளைப் பலகையை எடுத்துக் காட்டி.

நான் சும்மா இருந்திருக்கலாம். "தேவதாரு சிவப்பாக அல்லவா இருக்கும்? எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் நிறைய உண்டு. சந்தனம் போல மணக்கும்" என்றேன்.

"சிவப்பா? நாப்பது வருசமா அறுத்துக்கினு கீறேன், என்னாண்ட வந்து சிவப்புன்றியே நைனா!"

"நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஐயா."

"சும்மா இருங்கப்பா" என்றாள் கோமதி. "நீங்க சொல்றது நம்ம காட்டு மரம். நிஜமான தேவதாரு இமயமலையில வளருது. மேஸ்திரி ஐயா கையில இருக்கிறது ரெண்டும் இல்ல, பைன். மூணுக்கும் ஒரே பேரை வச்சிருக்கோம்."

மேஸ்திரி முகம் கறுத்து உள்ளே போனார். வேலை போயிற்று என்று நினைத்தேன். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அது எனக்கே வியப்பாக இருந்தது.

சற்று நேரத்தில் அவர் பன்னிரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். சாக்கட்டியால் நம்பர் போட்டிருந்தது. "சொல்லும்மா, பாக்கலாம்."

வேலையாட்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். கோமதி ஒவ்வொரு துண்டின் குறுக்கு வெட்டையும் பிளேடால் மெல்லச் சீவி, தண்ணீர் தொட்டுத் தடவி, பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "பைன்ல பிசின் ஓடுற துளை பெரிசா நிறைய இருக்கும். டர்பன்டைன் அந்தப் பிசின்ல எடுக்கிறதுதான். ஸ்ப்ரூஸ்னு இன்னொரு குளிர்நாட்டு மரம், அதுல சின்னதா அங்கங்க இருக்கும். ஃபர்ல துளையே கிடையாது. அதான் அதுல பிசின் நாத்தம் இல்ல." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தாளிசபத்திரி சூரணம்னு நாலு மாசம் தேன்ல குழைச்சுக் கொடுத்தீங்களே, அது இமயமலை ஃபர் மரத்து இலைதான்ப்பா."

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அந்தப் பொடியும் இந்த வெள்ளைப் பலகையும் ஒரே குடும்பம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மணி பத்தரை. பன்னிரண்டுக்கும் பெயர் சொல்லி முடித்தாள். பிறகு சற்றுத் தயங்கினாள்.

"இன்னாம்மா, சந்தேகமா?" என்றார் மேஸ்திரி.

"சந்தேகம் இல்ல. நாலாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒரே பலகை. ரெண்டா அறுத்திருக்கீங்க. ரெண்டுலயும் உள்ளேயிருந்து ஏழாவது வளையம் மட்டும் நூல் மாதிரி ஒடுங்கியிருக்கு பாருங்க."

மேஸ்திரி இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். அறுத்தவர் அவர்தானே! ஒரே பலகைக்கு இரண்டு பெயர் சொல்கிறாளா என்று பார்க்க வைத்த பொறி அது.

"பாய்! இந்தப் பொண்ணை வுட்டுடாதே!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் சொன்ன பெயர்கள் சரியா என்று பார்க்க, அடுப்பில் இரும்புத் தகட்டைச் சுடவைத்துத் துண்டுகளை அதன்மேல் வைத்தார்கள். அவள் பைன் என்ற துண்டுகளில் பிசின் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. ஃபர் துண்டுகள் சும்மா கிடந்தன. "பாருடா, இது அழுமூஞ்சி. இது ஊமை" என்றார் ஒருவர். அந்த நிமிஷமே கிடங்கில் ஃபருக்கு ஊமை என்றும் பைனுக்கு அழுமூஞ்சி என்றும் பெயராயிற்று. மதியத்துக்குள் ஊமைப் பலகையில் ஆறு பெட்டிகள் அடித்தாயிற்று.

மூன்று மணிக்கு வந்த கம்பெனி ஆள் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். ஆறு பெட்டியும் முகர்ந்தார். "இப்படியே அனுப்புங்க" என்று சொல்லிப் போனார். காதர் பாய் கோமதிக்கு மாதம் எண்பது ரூபாய் என்றார். மாதா கோயில் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் விடுதியில் இடத்துக்கு மேஸ்திரியே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

எனக்கு ஊருக்கு வண்டி மறுநாள் இரவுதான். காலையில் கடல் பார்க்க ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூர் போனோம். காத்திவாக்கம் வழியாகக் கழிமுகம் வரை நடந்தோம். வழியில் நிறையச் சவுக்குத் தோப்பு. "இதுவும் பைன் குடும்பம்தானே?" என்றேன், பள்ளி ஆசிரியனாக இருபது வருஷமாக என் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். "பார்வைக்கு அப்படித் தெரியும். இது பூக்கிற மரம்ப்பா" என்றாள். ஊர் திரும்பியதும் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல வேண்டும். மூன்று மைல் மணலில் நடந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

எங்கள் பக்கம் காற்று சுத்தம், தண்ணீர் ருசி, கரித்தூள் கிடையாது. ஆனால் என் பெண் சொன்னதற்காகப் பதினைந்து பேர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்ட இடம் ராயபுரம்தான். அன்று மாலை விடுதி வாசலில் விடைபெற்றபோது அவள் ஒரு முறை இருமினாள். "தூசிப்பா" என்றாள். "தூசிதான்" என்றேன் நானும்.

எழும்பூரில் வண்டி ஏறியதும் எதிரில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பெண்ணை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னேன். "பொண்ணைப் பட்டணத்துல கட்டிக் கொடுத்திருக்கீங்களா?"

"இல்லை. வேலையில் சேர்த்துவிட்டு வருகிறேன்."

"டீச்சரா?"

"மரம் பார்க்கிற வேலை."

"மரத்துல பாக்க என்ன இருக்கு?"

சொல்ல ஆரம்பித்தேன். செங்கற்பட்டு தாண்டியதும் அவர் கண்ணயர்ந்துவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.