அம்மாவின் எதிர்ச்சுற்று

எனக்கு இருமுனைக் கோளாறு. சில வாரம் தூக்கமே வராது. நாலு மொழி கற்க ஆரம்பித்து, மொட்டைமாடியில் காளான் வளர்க்கவும் திட்டம் போடுவேன். சில வாரம் பல் தேய்ப்பதே மலையேற்றம். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். காவலை அம்மா எடுத்துக்கொண்டாள். போன வருடம் கடல் பார்க்கும் உற்சாகத்தில் யாரிடமும் சொல்லாமல் திருச்செந்தூர் பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து என்னை வீட்டில் தனியே விட்டதில்லை. கறிவேப்பிலை வாங்கக்கூட இழுத்துக்கொண்டு போவாள். நான் சேர்ந்தாற்போல் இரண்டு தடவை சிரித்தால், "ஏட்டி, மாத்திரை போட்டியா?" என்பாள். ஜோக்குக்குத்தான் சிரித்தேன் என்று நிரூபிக்க அதை மறுபடி சொல்லிக்காட்ட வேண்டும். அதற்குள் அது செத்துப்போயிருக்கும்.

இந்த ஆடியில் எனக்காக நூற்றியெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டாள். எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் சனம் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதியம்மனின் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. அம்மாவின் முட்டியில் ஏற்கெனவே நிறைய இருப்பு இருந்தது.

என்னைத் தூணடியில் உட்காரவைத்து நோட்டும் பேனாவும் தந்தாள்.

"நான் தாண்டுத நேரமெல்லாம் ஒரு கோடு போடு."

கணக்கும் ஆச்சு, காவலும் ஆச்சு.

அறுபத்தொன்றாவது கோட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்கப் போனேன். குழாயில் கூட்டம். திரும்பி வந்தால், தூணடியில் நோட்டை மட்டும் பார்த்துவிட்ட அம்மா, வந்த வழியே கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எதிர்க்க வாரியே! சுத்துனதெல்லாம் கழிஞ்சிருமே!" என்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கத்தினார்.

"கழிஞ்சா கழியட்டும்! எம் புள்ளையக் காணும்!"

பின்னால் ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்தேன். முதலில் என் முகத்தைத் தடவினாள். அப்புறம்தான் ஏச்சு.

"எங்கன போன?"

"தண்ணி குடிக்கம்மா."

"சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

"நீ சுத்திக்கிட்டே இருந்தா யார்ட்ட சொல்ல? தூண்ட்டத்தான் சொல்லிட்டுப் போனேன்."

அம்மா சிரிக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாத்திரையால் எனக்கு வரும் அதே நடுக்கம். அவள் எந்த மாத்திரையும் போடுவதில்லை.

"பாதிச் சுத்துதான் பின்னால ஓடுன. அறுவத்தொண்ணுல அரையக் கழிச்சுக்கோ," என்றேன்.

"ஆமா, கணக்குல புலி."

"இனிமே எங்கயும் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணமாட்டேம்மா. போனா சொல்லிட்டுப் போவேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "மீதிய நாளைக்குச் சுத்துதேன். வா."

மறுநாள் காலையில் நான் செருப்பைத் தேடினேன்.

"நீ வரண்டாம். கோடு நானே போட்டுக்கிடுதேன்."

கதவைச் சாத்தினாள். வெளியே பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் இரண்டு படி இறங்கித் திரும்பியது. பிறகு பூட்டு திறந்தது. அம்மா சாவியை உள்ளே நீட்டினாள்.

"கடைக்குக் கிடைக்குப் போனா பூட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி படியிறங்கினாள்.