யமுனையில் மணமாலை விட்டதும், புகைக்குழாய் காய்ந்ததும்

டெல்லிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர், ஆடிப்பெருக்குக்கு யமுனையில் படகில் போக முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நான் போயிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி வந்த முதல் ஆடியில். இன்று உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதற்கு அன்று படகில் என்னோடு இருந்த இரண்டு பேர் காரணம். ஆகவே பாதி வழி சொல்கிறேன், பாதி நன்றி சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குளித்தலை. கணவருக்கு மத்திய அரசு வேலை, லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். அதே வரிசையில் அவருடைய அக்கா கமலா குடியிருந்தார், எனக்கு அண்ணி. அண்ணியின் கணவர் சண்முகத்தை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கப்பற்படையில் எஞ்சின் அறையில் இருந்தவர், அப்போது டெல்லி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து நொந்துகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாண மாலைகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்தி, முதல் ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவார்கள். பிறகு தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றுவார்கள். எங்கள் மாலைகள் இரண்டும் தகரப் பெட்டியில் என்னோடு ரயில் ஏறி வந்திருந்தன. கரையிலேயே விட்டால் போதும் என்றார் கணவர். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை.

"கரையோரம் பூரா எருமை படுத்துக் கெடக்கு. ஓடுற தண்ணியில விடணும்டா. உன் ஆயுசு சம்பந்தப்பட்ட விஷயம்" என்று தம்பியை ஒரே போடாகப் போட்டார்.

நாலு பேருமாகக் காலை ஆறரைக்குப் பஸ் பிடித்து, கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இரண்டு ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் வஜீராபாத். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. மடியில் புளிச்சாதமும் எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் அடுக்கிய தூக்கு. நல்ல மழைக்காலம், ஆறு தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே பல்தேவ் என்பவரிடம் ஒரு பழைய மர மோட்டார் படகு இருந்தது. எங்கோ துறைமுகத்தில் ஏலம் எடுத்ததாம். எஞ்சின் படகின் வயிற்றுக்குள்ளேயே, ஒரு மூடிக்குக் கீழே இருந்தது. நாற்பது ரூபாய்க்குப் பேசி ஏறினோம். கீழே தடுப்பணையின் கதவுகள் திறந்திருந்தன, அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்று காதைத் தொட்டுச் சொல்லிவிட்டு, பல்தேவ் படகை ஆற்றின் மேல்பக்கமாக விட்டார். படகின் பின்னால் ஒரு குழாய், புகையோடு சேர்த்துத் தண்ணீரையும் துப்பிக்கொண்டே வந்தது. அண்ணன் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"ஆத்துத் தண்ணிய பம்பு இழுத்து எஞ்சினைக் குளுத்துதும்மா. அப்புறம் அதே தண்ணி புகைக்குழாய்க்குள்ள போயி அதையும் குளுத்திட்டு வெளிய வருது. குழாயில பாதி ரப்பர். தண்ணி நின்னா கருகிரும்."

ஒரு கிலோமீட்டர் போனதும் நடு ஆற்றில் நிறுத்தச் சொன்னார் அண்ணி. ஓட்டத்தில் நிறுத்துவதென்றால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு எதிர்த்து நிற்பதுதான். விளக்கேற்றி, காதோலை கருகமணி போட்டு, எனக்குப் புதுக் கயிறு கட்டிவிட்டார். பிறகு நாங்கள் இருவருமாக மாலைகளைப் படகின் முன்பக்கம் தண்ணீரில் விட்டோம். முன்பக்கம் விட்டால் ஆறு அதைப் படகுக்கு அடியில்தானே கொண்டுபோகும்? கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

சற்று நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார். பின்குழாயில் புகை மட்டும்தான், சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பந்த் கரோ பையா! ஜல்தி!" என்று எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

எஞ்சின் நின்றதும் படகு அணைப் பக்கமாகத் திரும்பி நகரத் தொடங்கியது. பல்தேவ் நங்கூரத்தை வீசினார். ரொம்ப தூரம் இழுபட்டு, அடியில் எதிலோ மாட்டியது. மாட்டிய வேகத்தில், கயிறு கட்டியிருந்த உளுத்த கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓடுகிற கயிற்றை அவர் தாவிப் பிடித்து, உட்காரும் பலகையின் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். என் கணவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அணையில் தண்ணீர் விழும் சத்தம் நன்றாகவே கேட்டது. எங்களில் நீச்சல் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

அண்ணன் மூடியைத் திறந்து இறங்கினார். நானும் ஈரச் சாக்கோடு இறங்கி, கொதிக்கும் குழாய்மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முதலில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு, வடிகட்டியைத் திறந்தார். உள்ளே எங்கள் கல்யாணம்! காய்ந்த ரோஜா, சம்பங்கி, ஜரிகை, வாழைநார். வழித்துப் போட்டு, அடைத்த வழியைத் திறந்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினால், அப்போதும் தண்ணீர் வரவில்லை. உடனே நிறுத்தினார்.

அடுத்து பம்பு. அதற்குள் சுழலும் ரப்பர் சக்கரத்தில் இரண்டு இதழ்கள் உடைந்திருந்தன. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் அது தாங்காதாம். பல்தேவ் கயிற்றை விடாமலே தலையால் ஒரு டப்பாவைக் காட்டினார். மாற்றுச் சக்கரம் இருந்தது, புண்ணியவான். அதைப் போட்டுக் கிளப்பினோம். சிறுபிள்ளை மூத்திரம் போவதுபோல ஒரு கோடு வந்தது, அவ்வளவுதான். குழாய் மறுபடி கொதித்தது.

"ஹாத் சூட் ரஹா ஹை!" என்று மேலிருந்து பல்தேவ் குரல். கை நழுவுகிறது என்கிறார். அண்ணி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போய் என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் மட்டும் நிதானம் தவறவில்லை. "உடஞ்ச ரெண்டு துண்டும் எங்க போச்சு? எங்கயாச்சும் போயி நின்னுதான ஆகணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு, தண்ணீர் போகும் வழியிலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனார். புகைக்குழாய் வளையும் இடத்தில், தண்ணீர் உள்ளே விழும் ஓட்டையருகே நின்று, ஹோஸைக் கழற்றினார். ஓட்டை அடைத்திருந்தது. ஆனால் அங்கே அவர் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. கொண்டை ஊசியை நிமிர்த்திக் குத்தி இழுத்தேன். இரும்பில் பட்டு மணிக்கட்டு பொரிந்தது. நாரில் சுற்றிய கறுப்பு ரப்பர்த் துண்டுகள் இரண்டும் வந்தன.

ஹோஸை மாட்டிக் கிளப்பினார். பின்குழாய் இருமியது, பிறகு வாய் நிறையத் துப்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஓவென்று அழுதேன்.

இப்போது போகிறவர்களுக்கு: பஸ், ஸ்கூட்டர் கணக்கெல்லாம் மாறிவிட்டிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும் நாளில் படகே வேண்டாம். ஏறினால் மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள். உள் எஞ்சின் படகென்றால் பின்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள். நின்றுவிட்டால் எஞ்சினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, வடிகட்டி, பம்பு, வளைவு என்று தண்ணீர் போகும் வழியிலேயே தேடுங்கள். சக்கரம் உடைந்திருந்தால் துண்டுகளைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். பூஜை சாமான் எதையும் ஓடும் எஞ்சினுக்கு முன்னால் போடாதீர்கள். இன்றைக்கு ஆறு இருக்கும் நிலைமையில், ஒரு பூவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுச் செடிக்குப் போடுவதே உத்தமம்.

அண்ணனுக்கு அன்றே காலில் விழுந்து நன்றி சொல்லிவிட்டேன். பல்தேவுக்குச் சொன்னது அண்ணி. கரைக்கு வந்து இலை போட்டபோதுதான் பல்தேவின் உள்ளங்கைகளைப் பார்த்தோம். இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. விரலை மடக்க முடியவில்லை. பிறகு சாப்பிடுகிறேன் என்று ஒதுங்கப் பார்த்தார். என் நாத்தனார் வெளியாட்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர், இந்தியும் அரைகுறை. அவர் பல்தேவின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளிச்சாதத்தை உருட்டி அவர் வாயருகே நீட்டினார். அந்த மனிதர் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"தீதி, பஹுத் கட்டா ஹை" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார், புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"புளிச்சா என்ன, முழுங்கு. என் தம்பியத் திருப்பிக் குடுத்திருக்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அண்ணி அடுத்த உருண்டையை உருட்டினார்.